ஸெய்னுதீனும் தானாக நிமிரும் காரும்

ஸெய்னுதீன் காக்கா பெரிய பெருமைக்காரன். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையும் சொல்வேன். ஆனால் உள்ளதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் சொன்னால் கேட்கிறவர்கள் வேறு யாரையோ நினைத்துக்கொள்வார்கள்.

கிண்ணியாச் சந்தையில் அவரைத் தெரியாதவர் இல்லை. வெள்ளைச் சேட்டு, கறுப்புச் சப்பாத்து, ஒரு பக்கம் சரித்து வைத்த தொப்பி. நாலடி நடந்தால் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவ்வளவு பெருமைக்கும் காரணம் ஒரு கார். பக்காட் என்று அதற்குப் பேர். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அவர் சொல்லித்தான் அந்தப் பேரும் தெரியும். அமெரிக்காவில் செய்தது. வெள்ளைக்காரனின் கப்பற்படை திருக்கோணமலையை விட்டுப் போன காலத்தில், பட்டணத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தாராம். ஸெய்னுதீன் அவருக்குக் கார் ஓட்டியவர். முதலாளி கண்ணை மூடியதும் மகன்மார் யப்பான் வான் வாங்கினார்கள். பக்காட் ஆலைக்குப் பின்னால் உமிக் கும்பத்தோடு கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. ஸெய்னுதீன் தன்னுடைய உழவு மாட்டுச் சோடியைக் கொடுத்துவிட்டு அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்தார்.

அவருடைய மனைவி றுக்கியா சந்தையில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவா.

"வயல் உழுற மாட்டக் குடுத்துக் கோழிக்கூடு வாங்கின மனிசன் உலகத்துல இவரொருத்தர்தான்."

அந்தக் கோழிக்கூட்டை அவர் கல்யாணக் காராக்கினார். தோணிக்குப் பூசுகிற பச்சை மையைத் தேடி வாங்கி அடித்தார். மேற்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கடற்பச்சை. கிண்ணியாவில் மாப்பிள்ளை வருகிறதென்றாலும், எங்கள் ஆலங்கேணியில் பொம்பிளை அழைத்துப் போகிறதென்றாலும் அந்தக் கார்தான். மாப்பிள்ளையின் தலை எண்ணெய் பட்டுவிடும் என்று சீற்றில் துவாய் விரிப்பார். காலில் மண்ணிருந்தால் மாப்பிள்ளையாக இருந்தாலும் ஏறவிடமாட்டார்.

நான் கத்தரிக்காயும் பூசணியும் கொண்டுபோய் அந்தச் சந்தையில் விற்கிறவள். ஒரு நாள் அவர் காரை மர நிழலில் நிறுத்தி, முன்பக்கத்து வெள்ளித் தகட்டை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டு நின்றார். சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

"கிட்ட வாங்க தங்கச்சி. கடிக்காது."

"கடிக்காட்டியும் முட்டும்போலக் கிடக்கு."

மூக்கில் ஒரு பறவை, செட்டையைப் பின்னுக்கு மடித்து, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

"உதென்ன காக்கா, நீர்க்காகமோ?"

"அன்னம் புள்ள, அன்னம்! அமெரிக்காக்காரன் நீர்க்காகத்தையா செஞ்சு வைப்பான்?"

"களப்பில எங்கட வலைக்க மீன் திருடுறது இதுதான். எனக்குத் தெரியாதே?"

வாயால் அப்படிச் சொன்னேனே தவிர, என் கண் அதை விட்டு வரவில்லை. முன் கண்ணாடி நேராக நின்று முடியாமல் இரண்டு கரையிலும் வளைந்து கதவுவரை வந்திருந்தது. கண்ணாடியை உடையாமல் எப்படி வளைத்தார்கள்? மூக்கில் தொடங்கிய ஒரு வெள்ளிக் கோடு எங்கேயும் நெளியாமல் வால்வரை ஓடியது. பின்விளக்குகள் மாதா கோயில் யன்னல்போல உயர்ந்து உச்சியில் கூராக நின்றன. எங்கள் வீட்டையும் குசினியையும் சேர்த்தால்கூட அதன் நீளத்துக்கு வருமோ தெரியாது. இதைச் செய்தவனுக்கு வேறு வேலையில்லையா என்று திட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஸெய்னுதீன் கதவை ஒருமுறை திறந்து சாத்தினார். "டப்" என்று அடைபட்டது. நெல் மூட்டையை மணலில் வைத்த சத்தம். அவ்வளவுதான்.

கடைசியில் சீனி வருத்தம் வந்து அவர் போய்விட்டார். காரைக் கொழும்பில் யாரோ வாங்கி வைத்திருக்கிறார்களாம். கொழும்புக்காரர் அதை வெயிலில் விடுவதில்லை என்று கேள்வி. வைத்திருக்கட்டும். அந்தக் கார் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு இருக்கும். சண்டைக் காலம். மழை வருமுன் வீட்டை வேயவேண்டுமென்று என் புருசன் கதிராமன் கூரையில் ஏறினார். முகட்டு வளை முறிந்தது. நடு முதுகு உரலில் அடிபட விழுந்தார்.

அவரோடு நான் வாழ்ந்தது பாதி சண்டை. ஆனாலும் ஒன்று தெரியும். களப்பில் தோணி இறக்காத நாளில் அந்த மனிதனுக்குச் சோறு இறங்காது. கால் இல்லாமல் பாயில் கிடக்கச் சொன்னால் உயிரோடு இருக்கமாட்டார்.

கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, ஆட்கள் தோளில் சுமந்து கிண்ணியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த இளம் டொக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவரை அந்தக் கதவோடு சேர்த்துச் சீலையால் இறுக்கிக் கட்டினார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அம்மா, கால் விரல்ல இப்ப உணர்ச்சி இருக்கு. ஆனா முள்ளந்தண்டு வெடிச்சிருக்கு. குலுங்கி எலும்பு விலகினா நரம்பு போயிரும். பிறகு இடுப்புக்குக் கீழ ஒண்டுமில்ல. திருக்கோணமலைக்குக் கொண்டுபோகவேணும்."

"கொண்டுபோவம் ஐயா."

"குலுங்காமக் கொண்டுபோகவேணும்."

"றோட்டு முழுக்கக் கிடங்கு. குலுங்காம எப்பிடி? பறக்கிறதோ?"

அம்புலன்ஸ் ஒரு பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தது. ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குள் கடைசிப் பாதையும் போய்விடும். பாதை என்றால், வாகனத்தையும் ஆட்களையும் களப்பு வாய்க்கு அப்பால் இழுத்துப் போகிற மிதப்பு. அப்போது பாலம் இல்லை. என்னோடு வந்தவர்கள் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவோம் என்றார்கள். அதில் ஏற்றினால் தேங்காயே உடையும்.

பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலென்று மருந்தெடுக்க வந்திருந்த றுக்கியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா.

"எங்கட கோழிக்கூட்டக் கொண்டுவரச் சொல்றன். நான் ஆயிரம் ஏசுவன், ஆனா அது தோணி மாதிரித்தான் போகும்" என்றா.

அந்த நாட்களில் எங்கள் தமிழ் ஊரான ஆலங்கேணியும் அவர்களுடைய முஸ்லிம் ஊரான கிண்ணியாவும் ஒன்றையொன்று முகம் பார்த்துக் கதைக்காத காலம். இரண்டு பக்கத்திலும் செத்தவர்கள் இருந்தார்கள். ஸெய்னுதீன் வருவாரா என்று எனக்கு ஐமிச்சமாக இருந்தது. வந்தார். வந்து கதவுப் பலகையில் கட்டுண்டு கிடந்தவரைப் பார்த்தார், தன் காரைப் பார்த்தார், தொப்பியை எடுத்து மடியில் செருகினார். பிறகு, மாப்பிள்ளையின் தலையெண்ணெய் படாமல் காத்த அந்தப் பின் சீற்றைத் தன் கையாலேயே பிடுங்கி வெளியே எறிந்தார். சீற்றுக்குப் பின்னால் இருந்த அட்டையைக் காலால் உதைத்தார். காருக்குள்ளும் டிக்கியும் ஒன்றாகிவிட்டன. பலகையை உள்ளே தள்ளினோம். தலை உள்ளே, கால் இரண்டும் டிக்கிக்கு வெளியே. டிக்கி மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டினார்.

அந்த வேளையிலும் பெருமை விடவில்லை.

"மற்றக் காருக்கெல்லாம் காலுக்கு ஒரு வில்லுத் தங்கச்சி. இதுக்கு வில்லே இல்ல. முன் சில்லுல இருந்து பின் சில்லு மட்டும் அடியால நீட்டுக்கு ஒரு முறுக்குக் கம்பி ஓடுது. முன் சில்லுல குத்து விழுந்தா கம்பி முறுகும். முறுகி, அந்தக் குத்தப் பின்னுக்குக் கொண்டுபோய்க் குடுக்கும். முன்னும் பின்னும் ஒண்டாத்தான் எழும்பும். நடு உடம்பு ஆடாது."

எனக்கு உடனே விளங்கியது. ஈரச்சீலையின் இரு தலைப்பையும் இரண்டு பேர் பிடித்துப் பிழியும்போது, அங்கே முறுக்கினால் இங்கே கை இழுபடும். அதேதான்.

நான் தலைமாட்டில் ஏறிக் குந்தினேன். பாரத்தில் கார் பின்னுக்குத் தாழ்ந்தது. "ஐயோ காக்கா, தாளுது!" என்றேன்.

"பொறுங்க. ஒரு கலிமா சொல்லி முடிக்கிற நேரம்."

அடியில் எங்கேயோ வண்டு இரைவதுபோல ஒரு சத்தம். காரின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்த பெண் ஒருமுறை உடம்பைச் சரிக்கட்டிக்கொள்வாளே, அப்படி எழுந்து, மட்டமாக நின்றது. சத்தம் நின்றுவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. இரும்புக்குப் பாரம் தெரியுமா?

பாதைத் துறையில் ஆமிக்காரரின் சென்றி என்கிற காவலரண். துறைக்கு வருகிற வாகனத்திலிருந்து எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி நடந்து போகவேண்டும். வெறும் வாகனத்தைத்தான் சோதிப்பார்கள். நாங்கள் இருவரும் இறங்கினோம். டிக்கிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலைக் கண்டதும் ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தூக்கினான்.

"இது யாரு? இறங்கச் சொல்லு!"

"இறங்க ஏலாது ராசா. முதுகு முறிஞ்ச மனிசன். டொக்டர் கட்டிவிட்டிருக்கார்" என்றேன்.

நம்பவில்லை. பலகைக்குக் கீழே பார்க்கவேண்டுமென்று டிக்கிக்குள் ஏறிவிட்டான். நல்ல தடித்தவன். கார் தாழ்ந்தது. அவன் குனிந்து பலகைக்கடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்க, அவன் காலுக்குக் கீழே வண்டு இரையத் தொடங்கியது.

"போம்பயக்!"

குண்டென்று சிங்களத்தில் கத்திக்கொண்டு அவன் பாய்ந்த பாய்ச்சலில் துவக்கு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். மண்மூட்டைக்குப் பின்னால் எல்லாரும் விழுந்து படுத்தார்கள். குண்டு வெடிக்கவில்லை. ஆனால் பாரம் குறைந்த காரின் வால் ஒரு சாண் உயர்ந்து நின்றது. பிறகு மறுபடி இரைந்துகொண்டு கீழே இறங்கியது. அதைக் கண்டு இன்னும் பயந்தார்கள். எல்லாத் துவக்கும் காரை நோக்கி. காருக்குள்ளே அசைய ஏலாமல் என் புருசன்.

நான் காரை நோக்கி ஓடினேன். யாரோ சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து விழுத்தினார்கள்.

"சுடாதீங்க! அது மோட்டர்! பாரம் தூக்குற மோட்டர்!" ஸெய்னுதீன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கத்தினார்.

"பொய் சொல்ல வேணாம் கிழவன்!" என்றான் அவர்களுக்குப் பெரியவன். தமிழ் கொஞ்சம் தெரிந்தவன்.

"பொய்யெண்டா என்னையே அதுல இருத்துங்க ஐயா. வெடிச்சா நான்தானே போவன்."

கையைத் தலைக்கு மேல் வைத்தபடி போய்க் காரின் வாலில் குந்தினார். கார் தாழ்ந்தது. எல்லாத் துவக்கும் இப்போது அவரை நோக்கி. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். சாகிற நேரத்தில் அவர்கள் சொல்கிற கலிமாதான். நேரம் பார்க்கச் சொன்னாரோ, சாகப் போகிறேனென்று சொன்னாரோ, பிறகும் நான் கேட்கவில்லை. வண்டு இரைந்தது. கார் அவரை மெல்லத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

பிறகு டிக்கிக்குள் ஏறிப் பயந்தானே, அந்தத் தடியன் சிரித்தான். பெரியவன் எழும்பி வந்து, அவரை இறக்கிவிட்டுத் தானே குந்தினான். கார் அவனையும் தூக்கியது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். தேர்த் திருவிழாவில் ராட்டினம் ஏறிய பிள்ளையின் முகம். குனிந்து காருக்குக் கீழே பார்த்தான், மூக்குப் பறவையைத் தடவினான், வளைந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தான். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கும் எனக்கும் வந்த மலைப்பு ஒன்றுதான்.

"போ, போ. பாதை போகப்போகுது" என்றான்.

போக ஏலாமல் இருந்தது. பாதையில் வேலை செய்கிற ஜெமீல் ஓடிவந்தான்.

"காக்கா, ஏறுற பலகை ரெண்டும் இல்ல. பங்கருக்கு மேல போட்டுட்டாங்க. வால் தரையில இடிக்கும்."

ஸெய்னுதீனின் முகம் செத்துவிட்டது. அந்தக் காருக்கு வால் நீளம். மிதப்பின் சரிவு செங்குத்து. பலகை இல்லாமல் ஏறினால், முன் சில்லு மேலே போகும்போது வால் நிலத்தில் அடிக்கும். கல்யாணமென்றால் எல்லாரையும் இறக்கிவிட்டு, உரசினாலும் பரவாயில்லையென்று தள்ளி ஏற்றுவார்களாம். இன்றைக்கு வால் அடிபட்டால் அடிபடுவது என் புருசனின் முள்ளந்தண்டு. பலகையோடு இறக்கித் தூக்கிப் போகலாமென்றால், அந்தச் செங்குத்துச் சரிவில் ஒருவனின் கால் சறுக்கினாலும் அதே கதிதான். ஆமிக்காரர் பதுங்குகிற பங்கரைப் பிரிக்கச் சொல்ல யாரால் முடியும்? ஜெமீல் சூரியனைப் பார்த்தான். அக்கரைக்கு அதுதான் கடைசி ஓட்டம்.

ஸெய்னுதீன் நிலத்தில் குந்தியிருந்து வாலையே பார்த்தார். சென்றிப் பெரியவன் அப்போதும் ஆசை தீராமல் இன்னொரு முறை வாலில் குந்தினான். கார் தூக்கியது. அவன் குதித்து இறங்கினான். வால் சடாரென்று உயர்ந்து நின்றது. ஸெய்னுதீன் துள்ளி எழும்பினார்.

"ஐயா! உங்கட ஆக்கள் எல்லாரையும் கூப்பிடுங்க! எல்லாரும் இதுல குந்துங்க!"

"என்னத்துக்கு?"

"குந்துங்களேன் ஐயா, சொல்றன்! டயர் மாத்தக்குள்ள அந்த மோட்டர நிப்பாட்டிவைக்க இதுக்கு ஒரு சுவிச்சு இரிக்கு. நீங்க எல்லாரும் குந்தினா கார் முக்கித் தூக்கும். தூக்கி முடிஞ்சதும் நான் சுவிச்ச அமத்துவன். பிறகு இறங்குங்க. வால் மேல போய் அங்கயே நிற்கும். இறங்க அதுக்கு வழியில்ல."

பெரியவன் விளங்கிக்கொண்டு சத்தம் போட்டான். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறேழு ஆமிக்காரர் வாலிலும் டிக்கி விளிம்பிலும் ஏறிக் குந்தினார்கள். கார் நிலத்தோடு ஒட்டியது. தடியன் என் புருசனின் இரண்டு காலையும் சறுக்காமல் கையால் அணைத்துப் பிடித்தான். நான் தலைமாட்டில் தோளைப் பிடித்துக்கொண்டேன். கால் உயரும்போது ஆள் தலைப்பக்கம் சரியக்கூடாதே.

வண்டு இரைந்தது. இந்த முறை இலேசான இரைச்சல் இல்லை. அவ்வளவு பேரையும் முக்கி முக்கித் தூக்கியது. "தூக்கு, தூக்கு, என்ர வாப்பா" என்று ஸெய்னுதீன் காரைக் கெஞ்சினார். மட்டத்துக்கு வந்ததும் சுவிச்சை அமத்தினார்.

"இப்ப மெல்ல மெல்ல இறங்குங்க. குதிக்காதீங்க!"

ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கவும் வால் கொஞ்சம் உயர்ந்தது. கடைசி ஆள் இறங்கியபோது, குளத்தில் தலையைக் கவிழ்த்த தாராவைப்போல மூக்கு கீழேயும் வால் மேலேயுமாகக் கார் நின்றது. நான் தலைமாட்டிலிருந்து இறங்கிக்கொள்ள, அப்படியே நகர்ந்தது. முன் சில்லு சரிவில் ஏறியது. நான் கண்ணை மூடவில்லை. பின்னால் நடந்து வாலுக்கும் நிலத்துக்கும் இடையிலேயே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு விரல் இடைவெளி. உரசவில்லை. பின் சில்லும் ஏறியது. துறையில் நின்ற சனமும் ஆமியும் சேர்ந்து கூக்குரலிட்டார்கள். அப்படி அந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து சத்தமிட்டதை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மிதப்பின் நடுவில் ஸெய்னுதீன் சுவிச்சைப் போட்டார். கார் இரைந்து இறங்கி மட்டமானது. தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பாத்தீங்களா புள்ள, என்ர காரை?" என்றார். பெருமைக்காரன்தான். அன்றைக்கு அந்தப் பெருமை அவருக்குத் தகும்.

அக்கரையில் றோட்டு இன்னும் மோசம். எங்களுக்கு முன்னால் ஒரு ஆமி ட்ரக் போனது. அது கிடங்கில் விழ, பின்னால் இருந்தவர்கள் பந்துபோல எழும்பி எழும்பி விழுந்தார்கள். அதே கிடங்கில் எங்கள் சில்லும் இறங்கியது. நான் பல்லைக் கடித்தேன். ஒன்றும் வரவில்லை. காலுக்குக் கீழே ஏதோ நெளிந்துபோனது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். களப்பில் பெரிய மீன் ஒன்று தோணிக்கு அடியால் போனால் அப்படி இருக்கும். அடுத்த கிடங்கு. அதுவும் அப்படித்தான். பயம் எங்கேயோ போய், அந்தக் கம்பிகள் அடியில் முறுகுவதையும் விடுவதையும் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வயதுக்கு நான் கும்பிட்ட கோயில்கள் பல. அன்றைக்கு ஒரு காரைக் கும்பிட்டேன். வெட்கமில்லை.

சீனன்குடாவைத் தாண்டும்போது என் புருசன் கண்ணைத் திறந்தார்.

"இன்னும் வெளிக்கிடயில்லையா?" என்றார்.

"பாதி வழி வந்திட்டம். பேசாமக் கிடவுங்கோ."

"பொய் சொல்லாத."

பெரியாஸ்பத்திரியில் நாலு பேர் பலகையோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். வயதான டொக்டர் ஒருவர் வந்தார். சீலைக் கட்டை அவிழ்க்காமல், ஒரு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு காலடிக்குப் போனார். எதற்கென்று எனக்கு விளங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்ததும் ஆமியின் துவக்கும் அந்த ஊசி முனைக்கு முன்னால் ஒன்றுமில்லை. கதவு நிலையில் ஸெய்னுதீன் நின்றார். அவரை யாரும் உள்ளே விடவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை.

"கண்ணை மூடுங்கோ ஐயா" என்றார் டொக்டர். பெருவிரலில் குத்தினார்.

ஒன்றுமில்லை. என் புருசனின் முகம் அசையவில்லை. டொக்டர் என்னைப் பார்க்காமல் மற்றக் காலுக்குப் போனார். குத்தினார்.

"அடியே சிவகாமி! ஆரடி என்ர காலில நாயைக் கடிக்க விட்டது?"

"முதல் காலிலயும் குத்தினனே. ஏன் பேசயில்ல?" என்றார் டொக்டர்.

"டொக்டர்மார் குத்துவினம்தானே எண்டு பொறுத்தனான். ஒருக்காப் பொறுக்கலாம். ரெண்டு தரம் குத்தினா?"

கதவடியில் ஸெய்னுதீன் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். தாதி வந்து அவரை ஏசினா. என் புருசன் இன்னும் என்னையும் டொக்டரையும் அவர்களுடைய பரம்பரையையும் திட்டிக்கொண்டிருந்தார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அழுகிறவள் அல்ல நான்.

"இன்னொருக்காக் குத்துங்கோ ஐயா" என்றேன்.